அடிக்குரல், கள்ளக்குரல், ஏ.ஐ குரல்: எஸ்.பி.பி ஒரே தொண்டையில் செய்ததை இயந்திரம் செய்யுமா?

சித்திரையிலும் ஆடியிலும் கள்ளக்குறிச்சி பக்கம் ராத்திரி பஸ்ஸில் போனால், ஊருக்கு ஊர் மைக் செட் சத்தம் கேட்கும். ஒரு ஊரில் பாரதக் கூத்து, அடுத்த ஊரில் மெல்லிசைக் கச்சேரி. பாடகிக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகாத குழுக்களில் ஒரே ஆள் ரெண்டு குரலிலும் பாடுவார். ஒரு வரி எஸ்.பி.பி, அடுத்த வரி ஜானகி. கூட்டம் விசில் அடிக்கும். சின்ன வயதில் இதைக் கேட்டுவிட்டு, ‘பாடுன அக்கா எங்க?’ என்று மேடைக்குப் பின்னால் போய்த் தேடியவர்களில் நானும் உண்டு.

இப்போது அதே வித்தையை போனில் ஒரு செயலி செய்கிறது. மறைந்த பாடகர்கள் புதுப் பாட்டு பாடுகிறார்கள். ‘எஸ்.பி.பி பாடியிருந்தா எப்படி இருக்கும்?’ என்று யாரோ ஒருவர் செய்த வீடியோ, குடும்ப வாட்ஸ்அப் குழு வரைக்கும் வந்துவிடுகிறது. ‘அப்படியே இருக்குல்ல?’ என்று கேட்கிறார்கள்.

அப்படியே இருக்கிறதா? ஒரு பாடகரின் குரல் என்பது எது? அடியில் கனமாக உருளும் குரலா, உச்சியில் மெலிந்து பறக்கும் குரலா, இல்லை ரெண்டுக்கும் நடுவே அவர் தாண்டுகிற அந்தத் தாண்டலா? இதைப் புரிந்துகொண்டால்தான், ஏ.ஐ குரல் பற்றிய சண்டையில் யாருடைய உரிமை போகிறது என்பதும் புரியும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், சண்டை என்ன?

2024 தமிழ், தெலுங்கு சினிமாவில் ‘குரல் மீட்பு’ ஆண்டு என்றே சொல்லலாம். பிப்ரவரியில் வெளியான ‘லால் சலாம்’ படத்துக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏ.ஆர்.ரஹ்மான் ஏ.ஐ மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தினரிடம் அனுமதி வாங்கியதாகவும், உரிய தொகை கொடுத்ததாகவும் அவரே விளக்கம் தந்தார். ‘தி கோட்’ படத்தில் அதே ஆண்டு ஜனவரியில் மறைந்த பவதாரிணியின் குரல் வந்தது. ‘வேட்டையன்’ படத்தில் 2011-ல் மறைந்த மலேசியா வாசுதேவனின் குரல் கேட்டது. அந்தப் பாட்டில் அவர் மகன் யுகேந்திரனும் பாடியிருந்தார்.

இவை குடும்பத்துக்குத் தெரிந்து நடந்தவை. எஸ்.பி.பி விஷயம் வேறு. 2023-ல் வெளியான ‘கீடா கோலா’ தெலுங்குப் படத்தில் அவர் குரலை அனுமதி கேட்காமல் ஏ.ஐ மூலம் பயன்படுத்தினார்கள் என்று சொல்லி, அவர் மகன் எஸ்.பி.சரண் தரப்பு 2024 தொடக்கத்தில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. தொழில்நுட்பத்தை அவர்கள் எதிர்க்கவில்லை. கேட்காமல் எடுத்ததைத்தான் எதிர்த்தார்கள்.

அடிக்குரல்னா என்ன? கள்ளக்குரல்னா என்ன?

தொண்டையில் குரல்வளைக்குள் ரெண்டு சிறு மடிப்புகள் இருக்கின்றன. அவைதான் குரல்நாண்கள். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிரவைக்கிறது. பேசும்போது வயது வந்த ஆணுக்கு நொடிக்குச் சுமார் 100 முதல் 130 முறை அதிரும். பெண்ணுக்குச் சுமார் 180 முதல் 220 முறை.

கீழே பாடும்போது நாண்கள் தளர்ந்து, தடித்து, முழு அகலத்துக்கும் ஒன்றோடொன்று மோதி மூடிக்கொள்கின்றன. அதனால் ஒலியில் கனம் இருக்கும். நெஞ்சில் கை வைத்தால் அதிர்வு தெரியும். இதுதான் அடிக்குரல். கர்நாடக இசையில் கீழ்ப்பகுதி மந்திர ஸ்தாயி. தமிழிசையில் அதற்கு மெலிவு என்று பேர். நடுப்பகுதி சமன். மேல்பகுதி வலிவு.

மேலே போகப் போக நாண்கள் ரப்பர் பேண்ட் மாதிரி இழுபடும். ஓர் எல்லைக்கு மேல், நெஞ்சுக் குரலோடு ஏறினால் கத்தலாகிவிடும். அந்த இடத்தில் பாடகர் பிடியைத் தளர்த்தி வேறு வழிக்கு மாறுகிறார். நாண்கள் நீண்டு மெலிந்து, ஓரங்கள் மட்டும் அதிரும். முழுசாக மூடாது. நடுவே கொஞ்சம் காற்று கசியும். சத்தம் லேசாக, புல்லாங்குழல் மாதிரி வரும். இதுதான் ஆங்கிலத்தில் ஃபால்செட்டோ. இத்தாலியச் சொல். வேர் ‘பொய்’ என்பது. நம்ம ஊர்ப் பாடகர்களும் இதையே கள்ளக்குரல், பொய்க்குரல் என்கிறார்கள். ரெண்டு ஊரிலும் இதற்கு வைத்த பேர் கிட்டத்தட்ட ஒன்றுதான்!

ஆனால் இதில் பொய் எதுவும் இல்லை. அதே தொண்டை, அதே நாண், அதே காற்று. வேலை செய்யும் விதம் மட்டும்தான் வேறு. ஒரே சைக்கிளில் கியர் மாற்றுவது மாதிரி.

மேடையில் ரெண்டு குரல் பாடுபவருக்கு இது ஏன் தேவைப்படுகிறது? கணக்கு எளிது. ஆண் பாடகர்கள் பலருக்கு ஸ்ருதி ஒண்ணு கட்டையை ஒட்டி இருக்கும். பெண்களுக்கு அஞ்சு, அஞ்சரைக் கட்டை. நடுவே கிட்டத்தட்ட ஒரு பஞ்சம தூரம். எஸ்.பி.பி வரியை நெஞ்சில் பாடி முடித்த நொடியிலேயே அந்தத் தூரத்தைத் தாண்டி ஜானகி வரிக்குப் போக வேண்டும். படி ஏற நேரம் இல்லை. தாவத்தான் வேண்டும்.

எஸ்.பி.பி என்ன செய்தார்?

1946-ல் பிறந்து, 1969-ல் ‘அடிமைப் பெண்’, ‘சாந்தி நிலையம்’ படங்கள் மூலம் தமிழுக்கு அறிமுகமாகி, 2020 செப்டம்பர் 25 வரை நம்மோடு இருந்தவர் எஸ்.பி.பாலசுப்ரமணியம். எம்.ஜி.ஆருக்கும் ஜெமினி கணேசனுக்கும் அந்த ஒரே ஆண்டில் பாடியவர். ஆறு தேசிய விருதுகள் வாங்கியவர்.

அவருடைய வீச்சுக்கு ஒரே படத்தை எடுத்துக்கொள்வோம். ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989). கமலுக்கு அதில் மூன்று வேடம். சர்க்கஸ் அப்புவுக்கும் எஸ்.பி.பி பாடினார், மெக்கானிக் ராஜாவுக்கும் பாடினார். அப்புவின் சோகப் பாட்டில் குரல் அடங்கி, மூச்சு கலந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல வரும். ராஜாவின் ஆட்டப் பாட்டில் அதே மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் இறங்குகிறார். நடிகர் ஒருவர், படம் ஒன்று, பாடகர் ஒருவர். ஆனால் அங்கே ரெண்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்று காது நம்புகிறது.

இன்னொரு சான்று பாட்டில் இல்லை, டப்பிங்கில் இருக்கிறது. கமல் பத்து வேடம் போட்ட ‘தசாவதாரம்’ (2008) படத்தின் தெலுங்குப் பதிப்பில், ஏழு வேடங்களுக்கு எஸ்.பி.பி குரல் கொடுத்தார். அதில் ஒன்று கிருஷ்ணவேணிப் பாட்டி. அறுபது வயதைத் தாண்டிய ஆண், ஒரே படத்தில் கனமான ஆண் குரலிலிருந்து பாட்டியின் நடுங்கும் மெல்லிய குரல் வரைக்கும் போய் வந்திருக்கிறார்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உயரமாகப் பாடுவதெல்லாம் கள்ளக்குரல் இல்லை. அவருக்கு முதல் தேசிய விருது வாங்கித் தந்த ‘சங்கராபரணம்’ படத்தைக் கேளுங்கள். முறையாக சாஸ்திரிய சங்கீதம் படிக்காதவர், கே.வி.மகாதேவன் இசையில் மேல் ஸ்தாயியிலும் கனம் விடாமல் நிற்கிறார். அந்தக் கதாபாத்திரம் ஒரு பெரிய வித்வான். அங்கே குரல் மெலிந்தால் அந்த ஆளே மெலிந்துவிடுவார். காதல் பாட்டில், கொஞ்சலில், கேலியில் அந்தப் பிடிவாதம் தேவையில்லை. அங்கே விட்டுக்கொடுக்கிறார், ஒரு சிரிப்பை, ஒரு விம்மலை, ஒரு சின்னக் காற்றுக் கசிவைச் சேர்க்கிறார்.

அதாவது, எந்த உயரம் வரை எட்டுகிறார் என்பது அவருடைய பெருமை இல்லை. எந்த இடத்தில் கனத்தைப் பிடிக்க வேண்டும், எந்த இடத்தில் விட வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்ததுதான் பெருமை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏ.ஐ பற்றிப் பேசும்போது திரும்ப வருவோம்.

இது எஸ்.பி.பி-யோடு தொடங்கியதா?

இல்லை. மைக் வருவதற்கு முன்னால் தமிழ் மேடையில் அடிக்குரலுக்கு வேலையே இல்லை. விழுப்புரம், கள்ளக்குறிச்சி வட்டாரத் தெருக்கூத்தை நினைத்துப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும் வரை ஆட்டம். மத்தளம், ஆர்மோனியப் பெட்டி, முகவீணை, தாளம் எல்லாவற்றையும் தாண்டிக் குரல் கடைசி வரிசைக்குப் போக வேண்டும். பெண் வேடம் கட்டுபவரும் ஆண்தான். அதனால் எல்லோருமே உச்சத்தில்தான் பாடினார்கள். நாடக மேடையில் எஸ்.ஜி.கிட்டப்பா (1906–1933) நட்சத்திரமானதும் அந்த உச்சக் குரலால்தான்.

பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள் பெண் வேடம் போட்டுப் பாடினார்கள். ஒருநாள் மகரக்கட்டு உடையும். பாட்டு போகும், சில சமயம் வேடமும் போகும். குரல்நாண் தடிப்பது ஒரு பையனின் வேலையைப் பறித்த காலம் அது.

ஒலிபெருக்கியும் ஒலிப்பதிவு மைக்கும் இந்த நியாயத்தையே மாற்றின. இனி கத்த வேண்டாம், காதுக்குள் பாடலாம். ஏ.எம்.ராஜா, பி.பி.ஸ்ரீநிவாஸ் மாதிரியான மென்குரல்கள் நாயகர்களுக்குப் பாட முடிந்தது மைக்கின் தயவில்தான். அமெரிக்காவில் பிங் கிராஸ்பி போன்றவர்களுக்கு நடந்ததும் இதேதான்.

ரெண்டு முனையையும் ஒரே பாட்டில் வைத்து விளையாடியவர் என்றால் ஜே.பி.சந்திரபாபுவைச் சொல்ல வேண்டும். யோடலிங் என்ற பாணியைத் தமிழ் சினிமாவில் பிரபலமாக்கியவர் அவர். யோடலிங் என்பது வேறு ஒன்றும் இல்லை. நெஞ்சுக் குரலிலிருந்து கள்ளக்குரலுக்கும், அங்கிருந்து திரும்பவும், வேகமாகத் தாவித் தாவிப் பாடுவது. மற்ற பாடகர்கள் அந்த ஒட்டு தெரியக் கூடாது என்று மறைப்பார்கள். யோடலிங்கில் அந்த ஒட்டுதான் அழகு. இந்தியில் கிஷோர் குமார் இதே வித்தையால் ஒரு தலைமுறையைக் கட்டிப்போட்டார்.

யோடலிங்கின் ஊர் ஆல்ப்ஸ் மலை. ஒரு சரிவிலிருந்து இன்னொரு சரிவுக்கு ஆளையும் மாட்டையும் கூப்பிடும் குரல் அது. இதைப் படிக்கும்போது எனக்குக் கல்வராயன் மலைதான் ஞாபகம் வந்தது. வெள்ளிமலைக்கு மேலே சாமையும் மரவள்ளியும் விளைகிற சரிவுகளில், போன் சிக்னல் கிடைக்காத இடங்களில் இன்றும் தூரத்தில் நிற்கும் ஆளைக் கூப்பிட வேண்டும் என்றால் யாரும் அடிக்குரலில் கூப்பிட மாட்டார்கள். குரலை ஏற்றிக் கூவத்தான் செய்வார்கள். தினைப்புனத்தில் கிளி விரட்டிய வள்ளியின் ‘ஆலோலம்’ கதையும் மலையும் உயர்ந்த குரலும் சேர்ந்த கதைதான். உயர்ந்த ஒலி காதில் பளிச்சென்று தனித்து விழும். ‘கள்ள’ என்ற பட்டத்தை அதற்குக் கட்டியது சமவெளியின் கச்சேரி ரசனையாகத்தான் இருக்க வேண்டும். மலையில் அது பிழைப்புக்கான குரல்.

இப்போது பாடுபவர்கள்?

இன்றைய தமிழ்ப் பாட்டில் ஆண் குரல் மேலே போய் மெலிவது ஒரு குறையாகவே பார்க்கப்படுவதில்லை. ‘கடல்’ (2013) படத்தில் அறிமுகமான சித் ஸ்ரீராம் அமெரிக்காவில் வளர்ந்தவர். கர்நாடக சங்கீதத்தோடு கறுப்பின மக்களின் ஆர் அண்ட் பி பாணியையும் கேட்டு வளர்ந்த குரல். அந்தப் பாணியில் காதலைச் சொல்வதே தலைக்குரலில்தான். மைக்கேல் ஜாக்சன், பிரின்ஸ் எல்லாம் அந்த வழியில் வந்தவர்கள். பிரதீப் குமாரும் அந்த மெல்லிய பகுதியில் தயங்காமல் நிற்பவர்.

எதிர் முனையில் பம்பா பாக்யா. ‘2.0’, ‘சர்கார்’, ‘பிகில்’ என்று ரஹ்மான் இசையில் பாடியவர். ‘பொன்னியின் செல்வன் 1’ படத்தில் வந்தியத்தேவனின் பயணப் பாட்டைத் தொடங்கிவைக்கும் அந்த ஆழமான குரல் அவருடையது. 2022 செப்டம்பர் 2 அன்று, படம் திரைக்கு வரும் முன்பே, அவர் காலமானார். அப்படிப்பட்ட அடிக்குரல் தமிழ்ப் பின்னணிப் பாடலில் அபூர்வம். ஏ.ஐ முதலில் தேடிப் போன குரல்களில் ஒன்று அவருடையதாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

‘ஆம்பளக் குரல்’, ‘பொம்பளக் குரல்’: யார் வைத்த கோடு?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. உளுந்தூர்பேட்டை பக்கம் இருக்கும் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலுக்குச் சித்திரை மாதம் நாடு முழுவதிலிருந்தும் திருநங்கைகள் வருகிறார்கள். அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து ஒப்பாரி வைக்கிறார்கள். அந்த ஒப்பாரியில் எல்லா உயரத்துக் குரலும் இருக்கும். யாரும் யாருடைய குரலையும் அளந்து பார்ப்பதில்லை.

வெளியே நிலைமை அப்படி இல்லை. மகரக்கட்டு உடைந்த பிறகு பெண் ஹார்மோன் எடுத்தாலும் குரல் மேலே ஏறாது. தடித்த நாண் தடித்ததுதான். அதனால் பஸ்ஸில், வங்கியில், போனில், வாயைத் திறந்ததும் பார்வை மாறுவதைத் திருநங்கைகள் தினமும் சந்திக்கிறார்கள். சிலர் நாள் முழுக்கக் கள்ளக்குரலிலேயே பேசிப் பார்த்துத் தொண்டையைக் கெடுத்துக்கொள்வதும் உண்டு. குரல் பயிற்சி தருபவர்கள் சொல்லித்தருவது கள்ளக்குரலை அல்ல. நடுப்பகுதியை இதமாக உயர்த்திப் பேசும் முறை, வார்த்தையை விடும் விதம், தொண்டையின் ஒலிநிறம் இவற்றைத்தான்.

சினிமாவில் கமல் ‘அவ்வை சண்முகி’யில் (1996) மாமி குரலில் பேசி, அதே குரலில் பாடியும் இருக்கிறார். நாம் கைதட்டி ரசித்தோம். அந்தப் படத்தின் பேரே, மேடையில் அவ்வையாராக நடித்த டி.கே.சண்முகத்தின் நினைவாக வந்தது. மேடையில் ஒரு ஆண் மெல்லிய குரலுக்குப் போனால் அது திறமை. அதையே தெருவில் செய்பவருக்குக் கேலி. குரல் மாறவில்லை, கேட்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

சரி, ஏ.ஐ இதையெல்லாம் செய்யுமா?

பொதுவாக நாம் கேட்கும் ‘ஏ.ஐ கவர்’ பாட்டு எப்படித் தயாராகிறது? பலர் நினைப்பது போல, எஸ்.பி.பி பேரை அடித்தால் இயந்திரம் தானாகப் பாடுவதில்லை. முதலில் ஒரு உயிருள்ள ஆள் அந்தப் பாட்டைப் பாட வேண்டும். அவர் பாடியதிலிருந்து சுரம், தாளம், கமகம், மூச்சு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, குரலின் நிறத்தை மட்டும் மாற்றுகிறார்கள். சட்டையைக் கழற்றி வேறு சட்டை போடுவது மாதிரி. முழுக்க முழுக்க இயந்திரமே உருவாக்கும் பாட்டுகளும் வந்துவிட்டன. ஆனால் ஒரு குறிப்பிட்ட பாடகரை மீட்பதற்கு இந்த ‘நிறமாற்று’ முறைதான் பரவலாக இருக்கிறது.

இதில் ரெண்டு விஷயம் கவனிக்க வேண்டும்.

ஒன்று, பயிற்சிக்குக் கொடுக்கும் ஒலிப்பதிவில் என்ன இருக்கிறதோ அதைத்தான் இயந்திரம் கற்கும். பம்பா பாக்யாவின் அடிக்குரல் பதிவுகளை மட்டும் கொடுத்தால், அவர் உச்சியில் எப்படிப் பாடியிருப்பார் என்று அதற்குத் தெரியாது. அந்தப் பகுதிக்குத் தள்ளினால் குரல் கரகரக்கும், உடையும், அல்லது யாருடையதும் அல்லாத ஒரு பொதுக்குரலாக மாறும். கள்ளக்குரலில் கசியும் காற்றை, களைய வேண்டிய இரைச்சல் என்று அது எடுத்துக்கொள்ளவும் கூடும்.

ரெண்டு, இதுதான் முக்கியமானது. எங்கே கனத்தைப் பிடிப்பது, எங்கே விடுவது என்ற முடிவு எஸ்.பி.பி-யுடையது இல்லை. அது முதலில் பாடிக் கொடுத்த ட்ராக் பாடகருடைய முடிவு. மேலே சொன்னோமே, எஸ்.பி.பி-யின் பெருமை அந்த முடிவில்தான் இருக்கிறது என்று? ஏ.ஐ பாட்டில் அந்த இடம் வேறு ஒருவருடையது. நாம் ‘ஆஹா, எஸ்.பி.பி!’ என்று உருகுகிற இடத்தில், பேர் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

ஆக, இதில் இழப்பு ரெண்டு பேருக்கு. மறைந்தவர் பாடாத பாட்டு அவர் கணக்கில் எழுதப்படுகிறது. பாடியவர் பாடிய பாட்டு அவர் கணக்கில் எழுதப்படுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில், பாடகர் உள்ளிட்ட நிகழ்த்துக் கலைஞர்களுக்குத் தனி உரிமை உண்டு. 2012 திருத்தம் அவர்களுக்கு ராயல்டி பங்கையும் தந்தது. இந்த உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். ஆனால் இது பாதுகாப்பது ‘பாடிய பதிவை’. ‘பாடும் குரலை’ என்று சட்டத்தில் தனியாக எதுவும் இல்லை.

அந்த இடைவெளியை நீதிமன்றங்கள் ‘ஆளுமை உரிமை’ என்ற கருத்தால் நிரப்பி வருகின்றன. 2015-ல் ரஜினிகாந்த் தன் பேரையும் பாணியையும் பயன்படுத்திய ஒரு இந்திப் படத்துக்கு எதிராகப் போட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. 2024 ஜூலையில் பாடகர் அர்ஜித் சிங்கின் குரலை ஏ.ஐ மூலம் நகலெடுப்பதற்கு எதிராக மும்பை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தந்தது. 2025-ல் ஆஷா போஸ்லேவுக்கும் அதே நீதிமன்றம் பாதுகாப்பு கொடுத்தது.

இவர்கள் எல்லோரும் தாங்களே வழக்குப் போட்டவர்கள். மறைந்தவர்களுக்கு? இங்கேதான் சிக்கல். ‘தலைவி’ படத்துக்கு எதிராக ஜெ.தீபா தொடர்ந்த வழக்கில், ஒருவர் வாழும்போது சம்பாதித்த ஆளுமை உரிமையும் அந்தரங்க உரிமையும் அவரோடு முடிந்துவிடுகின்றன; வாரிசுக்குச் சொத்து போல வராது என்ற நிலைப்பாட்டை 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்தது. அது ஏ.ஐ குரல் வழக்கு அல்ல. ஆனால் இந்த நிலைப்பாட்டை நேராகப் பொருத்தினால், எஸ்.பி.பி குடும்பத்தின் கை பலவீனமாகிறது. குரல் நகலுக்கென்று தனிச் சட்டம் வராத வரை, ‘லால் சலாம்’ போல அனுமதி கேட்பது இசையமைப்பாளரின் நல்ல மனசைப் பொறுத்த விஷயமாகவே இருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2017-ல், அனுமதி இல்லாமல் தன் பாடல்களை மேடைகளில் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி-க்கு நோட்டீஸ் போனது. அப்போது தமிழ்நாடே ரெண்டு பட்டது. பாட்டின் மெட்டு யாருக்குச் சொந்தம் என்பதற்குச் சட்டத்தில் பதில் இருந்தது. அந்தப் பாட்டுக்கு உயிர் கொடுத்த குரலுக்கு என்ன பங்கு என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது. இன்றும் நிற்கிறது.

கள்ளக்குறிச்சி மேடைக்கு இதில் என்ன?

‘இதெல்லாம் சென்னை ஸ்டூடியோ பிரச்சினை, நமக்கு என்ன?’ என்று தோன்றலாம். உண்மையில் முதலில் அடிபடப்போவது சின்ன மேடைகள்தான். திருவிழாக் கமிட்டி ஒரு பென் டிரைவை சொருகிவிட்டு ‘எஸ்.பி.பி நைட்’ நடத்தலாம் என்றால், ரெண்டு குரல் பாடும் ஆளுக்கு ஆடி மாதச் சம்பளம் போகும். அவரைத் தேடி வழக்குரைஞர் யாரும் வரப்போவதில்லை.

அவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துவைத்துக்கொள்வது. ட்ராக் பாடக் கூப்பிட்டால், அந்தப் பதிவை ஏ.ஐ-க்குப் பயன்படுத்துவார்களா என்று முதலிலேயே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருந்தாலும் வாய்ச்சொல்லைவிட மேல்.

தொண்டையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். விடிய விடிய உச்சத்தில் பாடுவதும், கனக்குரலிலிருந்து கள்ளக்குரலுக்கு நூறு முறை தாவுவதும் நாண்களில் வீக்கத்தையும் முடிச்சுகளையும் கொண்டுவரலாம். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் பனங்கற்கண்டோடு விட்டுவிடக் கூடாது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதற்குச் சென்னைக்கோ சேலத்துக்கோ போக வேண்டியதில்லை. சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

நாம் செய்யக்கூடியது இதைவிடச் சின்னது. அடுத்த முறை ஊர் மேடையில் ஒருவர் ரெண்டு குரலில் பாடினால், எஸ்.பி.பி வரிக்கும் ஜானகி வரிக்கும் நடுவே அவர் மூச்சு வாங்கும் அந்த அரை நொடியைக் கேளுங்கள். கொஞ்சம் பிசிறும், சில சமயம் தவறும், சமாளித்துக்கொள்வார். செயலி அந்த இடத்தை வழித்துத் துடைத்துவிடும். பாட்டு முடிந்ததும் விசில் அடிப்பதோடு நிறுத்தாமல், மேடைக்குப் பக்கத்தில் போய் அவர் பேரைக் கேட்டு வாருங்கள். அந்த வயதில் ‘அக்கா எங்க?’ என்று தேடிய நான், பாடியவரின் பேரைக் கேட்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.